நேரான மனை

அந்தக் கட்டட ஆய்வாளரின் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. திண்டிவனத்தில் எல்லோருக்கும் அவர் 'டேப்பு சார்'. வெயிலில் கறுத்த, ஒல்லியான மனிதர். எதைக் கேட்டாலும், அளக்கும் டேப்பை முழுக்கச் சுருட்டி முடித்த பிறகுதான் பதில் சொல்வார். அதற்குள் நமக்கு ரத்தம் கொதித்துவிடும்.

பக்கவாதத்தில் விழுந்த அப்பாவின் சக்கர நாற்காலிக்காக வாசலில் சாய்தளம் கட்ட நினைத்தேன். தெருப்பக்கம் காலியாக விடவேண்டிய இடத்துக்குள் அது இரண்டடி நீண்டது. இப்படிச் சின்ன விதிவிலக்குகளை நகராட்சியே தரலாம் என்றார்கள். மனு போட்டேன். அவர் வந்து அளந்தார். டேப்பைச் சுருட்டினார்.

"மனை கோணலா இருந்தா எழுதித் தரலாங்க. உங்களுது நேரா இருக்குதே."

"அப்பா நடக்க முடியாம கஷ்டப்பட்டுக்கினு இருக்காரு சார்!"

"நிலத்துல கஷ்டம் இருந்தாத்தான் விதிவிலக்கு. மனுசங்க கஷ்டத்துக்கு ரூல்ல எடம் இல்லீங்க."

கோணல் மனைக்காரரான பக்கத்து வீட்டார் கார் நிறுத்தும் கூரைக்கே அனுமதி வாங்கிவிட்டார். நாங்கள் அப்பாவைக் கடைசிவரை நாற்காலியோடு தூக்கித்தான் இறக்கினோம்.

சில வருடங்கள் கழித்து, விழுப்புரத்தில் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போன தெருவில் அவரைப் பார்த்தேன். ஓய்வு பெற்றிருந்தார். நடக்க முடியாத மனைவியைத் தாங்கிப் பிடித்து, தன் வீட்டின் செங்குத்தான வாசற்படிகளில் இறக்கிக்கொண்டிருந்தார்.

"ஒரு சாய்தளம் கட்டியிருக்கலாமே சார்?" என்றேன், குத்தலாகவே.

கடைசிப் படியில் மனைவியை நிறுத்திய பிறகுதான் பதில் வந்தது.

"நம்ம மனையும் நேராத்தாங்க இருக்குது."

திட்டுவதற்கு வைத்திருந்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டு அந்த அம்மாவின் மறுகையைப் பிடித்தேன். கோபம் மட்டும் இன்னும் போகவில்லை.