அப்புசாமியின் காது

ஜலகண்டாபுரத்தில் காது கேளாதவர்களைக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஊரே உரக்கத்தான் பேசும். தெருவுக்குத் தெரு தறி ஓடும் ஊரில் மெதுவாகப் பேசுகிறவன் ஒன்று வெளியூர்க்காரனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பெண் கேட்டு வந்தவனாக இருக்க வேண்டும். அங்கே எட்டுத் தறி ஓடும் கொட்டகைக்கு அடுத்த வீட்டில் ஐம்பத்தெட்டு வருடம் தூங்கி எழுந்தவர் அப்புசாமி. கரண்டு போய்த் தறி நின்றால்தான் அவருக்கு விழிப்பு வரும். ஆனால் வண்டியில் மட்டும் ஒரு திருகாணி தளர்ந்து சிணுங்கினாலும் இரண்டு நாளைக்குச் சோறு இறங்காது.

அவரிடம் இருப்பது ஒரு பிக்கப். பாவு நூலை ஏற்றிப்போய்த் தறிக்காரர்களிடம் இறக்குவதும், நெய்த துணியை ஏற்றி வந்து சேர்ப்பதும் தொழில். அந்த வண்டியின் பின்கதவுச் சங்கிலி ஆடிச் சத்தம் போடக் கூடாது என்று அதன்மேல் சைக்கிள் டியூபைச் சுற்றி வைத்திருந்தார். எடப்பாடியில் ஒரு கல்யாணத்துக்குச் சொந்தக்காரர் வேனில் புறப்பட்டவர், கதவு கடகடக்கிறது என்று பாதி வழியில் இறங்கிப் பஸ் பிடித்துப் போனதும் உண்டு. தாலி கட்டி முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தார். வருத்தப்படவில்லை.

அப்படிப்பட்டவரின் வண்டி போன மார்கழியிலிருந்து கத்த ஆரம்பித்தது. பின்சக்கரத்துக்கு மேலே பாரத்தைத் தாங்கும் இரும்புப் பட்டைகளின் இரு முனையிலும் கண் போல ஒரு துளை இருக்கும். அதற்குள் அடைத்திருக்கும் ரப்பர் புஷ்தான் இரும்பும் இரும்பும் உரசாமல் காப்பது. அது தேய்ந்துவிட்டது. ஒவ்வொரு பள்ளத்திலும் கிரீச் என்று ஓர் இழுப்பு. வேறு யார் வண்டியாக இருந்தாலும் மறுநாளே கழற்றச் சொல்லியிருப்பார். தன் வண்டியை ஐந்து மாதம் கத்தவிட்டார். காரணம், அவர் மனைவி வேண்டாம் என்றாள்.

சென்னியம்மாளுக்கு மார்பில் வந்த நோயை அறுத்து எடுத்து, தீர்ந்தது என்று குலதெய்வத்துக்குக் கிடாயும் வெட்டியாகிவிட்டது. மூன்று வருடம் கழித்து அது இடுப்பெலும்பில் தலைகாட்டியது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை சேலம் அஸ்தம்பட்டியில் டாக்டரைப் பார்க்க வேண்டும். குமாரபாளையத்தில் இருக்கும் மகள் கோகிலவாணி கார் அனுப்புகிறேன் என்றாள். சொகுசான கார்தான், ஆனால் அதில் ஏற இடுப்பை மடக்க வேண்டும். பிக்கப்பின் சீட்டோ சென்னியம்மாளின் இடுப்பு உயரத்துக்கு இருந்தது. முக்காலி ஒன்று போட்டால் ஏறி அப்படியே சாய்ந்துவிடலாம். ஆட்கள் சுகமாகப் போவதற்கென்று செய்த வண்டி உதவவில்லை. மூட்டை ஏற்றச் செய்த வண்டி உதவியது.

புஷ்ஷை மாற்றிவிடலாம் என்று அவர் பேச்செடுத்தபோதெல்லாம் அவள் ஒரே பதிலைச் சொன்னாள்.

"சத்தந்தானுங்க, இருந்துட்டுப் போவுது. வண்டின்னா சத்தம் வரத்தான் செய்யும்."

முப்பத்து நான்கு வருடத்தில் வண்டியைப் பற்றி அவள் வாயிலிருந்து வந்த முதல் கருத்து அது. சிக்கனம் பார்க்கிறாள் என்று அப்புசாமி எண்ணிக்கொண்டார். சேலம் போகும்போது ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டி கத்தும். "சனியன், என்னமாக் கத்துது பாரு" என்று இவர் பல்லைக் கடிப்பார். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொள்வாள்.

வைகாசியில் அவரால் தாங்க முடியவில்லை. சத்தத்துக்காக இல்லை, தேய்ந்த புஷ்ஷில் விழும் அடி நேரே சீட்டுக்கு வரும், சீட்டிலிருந்து அவள் எலும்புக்குப் போகும் என்று ஒருநாள் உறைத்தது. அவளிடம் சொல்லாமலே தாரமங்கலம் ரோட்டில் இருக்கும் சுப்பையன் பட்டறைக்கு வண்டியை ஓட்டிப் போனார்.

துருப்பிடித்த போல்ட்டு வெளியே வர ஒரு மணி நேரம் அடி வாங்கியது. பழைய புஷ் கருவாடு மாதிரி பிய்ந்து வந்தது. அப்புசாமி குனிந்து குனிந்து பார்த்தார். சோப்புத் தண்ணீர் போதாது என்றார், நேராக இறங்கவில்லை என்றார். சுப்பையன் சுத்தியலைக் கீழே வைத்தான்.

"அண்ணா, நீங்க போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. நீங்க நிக்கறதப் பாத்தே புஷ்ஷு உள்ள போவப் பயப்படுது."

அவர் போகவில்லை. சக்கரம் தரையில் உட்கார்ந்து, வண்டியின் பாரம் முழுக்கப் பட்டையில் இறங்கிய பிறகுதான் நட்டைக் கடைசி முறுக்கு முறுக்க வேண்டும் என்றார். அந்தரத்தில் தொங்கவிட்டு முறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடும். இருபது வருடமாகத் தனக்கு இதுதான் சோறு போடுகிறது என்று சுப்பையன் முணுமுணுத்தபடி அப்படியே செய்தான். திரும்பும் வழியில் ரயில்வே கேட்டின் மேடுபள்ளத்தில் வேண்டுமென்றே இரண்டு தடவை ஏற்றி இறக்கினார். சத்தமே இல்லை. நோய் வந்த நாளிலிருந்து அப்புசாமி செய்த வேலைகளில் முழுசாக முடிந்தது அது ஒன்றுதான்.

அடுத்த வியாழக்கிழமை முக்காலி போட்டு அவளை ஏற்றி உட்காரவைத்துவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னார். சென்னியம்மாள் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் "ஏனுங்க மாத்துனீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

தாரமங்கலத்துக்கு முந்தின வேகத்தடையில் வண்டி மெத்தை போல ஏறி இறங்கியது. கூடவே ஒரு சத்தம். கிரீச் இல்லை, அதைவிட மெல்லிசு, ஓர் இழுப்பு. அடுத்த பள்ளத்தில் மறுபடியும். அப்புசாமிக்கு ரத்தம் கொதித்தது. ஓரமாக நிறுத்தி, துண்டை விரித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்தார். நான்கு புஷ்ஷையும் விரலால் அழுத்திப் பார்த்தார், நட்டு நட்டாகத் தட்டிப் பார்த்தார். அங்கே படுத்தபடியே சுப்பையனுக்குப் போன் போட்டு, வேலை தெரியாதவன் பட்டறை வைக்கக் கூடாது என்றார். இனி அதில் மாற்ற ஒன்றும் பாக்கியில்லை என்று குலதெய்வத்தின்மேல் சத்தியம் செய்தான் சுப்பையன்.

மேலிருந்து சென்னியம்மாள் என்னவென்று கேட்டாள்.

"ஒரு புஷ்ஷு செரியா உக்காரலயாட்ட இருக்குது. இன்னும் கத்துது."

பிறகு அவள் சொன்னாள்:

"இனிமே கத்தாதுங்க. நீங்க வண்டிய எடுங்க."

அப்புசாமி உடனே வெளியே வரவில்லை. ஒரு லாரி, ஒரு பஸ், இன்னொரு லாரி கடந்து போகும் வரைக்கும் மல்லாந்து புது நட்டுகளைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். ஊரே மெச்சிய காது அது. ஐந்து மாதமாக இரண்டு சத்தத்தைக் கேட்டு ஒன்று என்று கணக்குச் சொல்லியிருக்கிறது. அவள் வண்டியின் கத்தலுக்குள் தன் கத்தலை ஒளித்து வைத்திருக்கிறாள். இவர் அதைக் கேட்டு, சனியன் என்று திட்டியிருக்கிறார், ஒவ்வொரு வேகத்தடையிலும், அவள் முகத்துக்கு நேரே.

இரும்பாலை வரையில் எத்தனையோ வேகத்தடைகள். வண்டி கத்தவில்லை. அவளும் கத்தவில்லை. ஒருமுறை ஓரக்கண்ணால் பார்த்தார். முந்தானையைப் பல்லில் கடித்திருந்தாள். நடுவில், வண்டி இப்போது நன்றாக ஓடுகிறது என்று வேறு சொன்னாள்.

டாக்டர் நல்ல மனிதர். மாத்திரையைக் கூட்டி எழுதினார். அடுத்த தடவை அம்மாவை அலையவைக்க வேண்டாம், நீங்கள் மட்டும் மருந்துச் சீட்டைக் கொண்டு வந்தால் போதும் என்றார். வண்டியை இனிமேல் கொண்டுவர வேண்டாம் என்று ஒரு மெக்கானிக் எப்போது சொல்வான் என்று அப்புசாமிக்குத் தெரியும். சரிங்க என்று சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அவளை ஏற்றி உட்காரவைத்துவிட்டு வண்டியின் பின்பக்கம் போனார். பேனாக்கத்தியால் சங்கிலிமேல் சுற்றியிருந்த சைக்கிள் டியூபை அறுத்து எறிந்தார். கொக்கியைத் தளர்த்தினார். ஜாக்கியையும் வீல் ஸ்பேனரையும் பெட்டியிலிருந்து எடுத்து வெறும் தகரத்தில் உருளவிட்டார். வண்டி கிளம்பியதும் பாத்திரக்கடை சரிந்தது போல இருந்தது.

"என்னங்க இப்படிச் சத்தம்?"

"வண்டின்னா சத்தம் வரத்தான் செய்யும் புள்ள."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினார். முதல் வேகத்தடையில் அவள் முந்தானையைக் கடித்துக்கொண்டாள். இரண்டாவதிலும். மூன்றாவதில் விட்டுவிட்டாள்.

சங்கிலி அடித்தது, ஜாக்கி உருண்டது, கதவு தடதடத்தது. எட்டுத் தறி ஓடும்போது எந்தத் தறியில் இழை அறுந்தது என்று வாசலிலிருந்தே சொல்லும் காது அது. இரும்புச் சத்தத்தை ஒதுக்கிவிட்டு அவள் சத்தத்தை மட்டும் தனியாகப் பொறுக்கி எடுத்துக் கொடுத்தது. முன்பு தெரியாமல் கேட்டவர் இப்போது தெரிந்து கேட்டார். கேட்காதவர் போல முகத்தை வைத்துக்கொள்வது ஒன்றுதான் மிச்சம். ஊர் வரைக்கும் வைத்துக்கொண்டார்.

பட்டறை வாசலில் சுப்பையன் ரோட்டுக்கே ஓடிவந்து இரண்டு கையையும் ஆட்டினான். தன் கைபட்ட வண்டி இந்தக் கதியில் போவதை எந்த மெக்கானிக் பொறுப்பான்? அப்புசாமி நிறுத்தவில்லை.

சாயங்காலமே டீக்கடையில் பேச்சாகிவிட்டது. அத்தனை சத்தமும் போட்டுக்கொண்டு வண்டி ஓடுகிறது, மனுசன் பாட்டுக்கு நேராகப் பார்த்து ஓட்டிக்கொண்டு போகிறார். பாவம், அப்புசாமிக்குக் காது போய்விட்டது என்று ஊர் முடிவு கட்டியது. மறுநாளிலிருந்து எல்லோரும் அவரிடம் இன்னும் உரக்கப் பேசினார்கள். அவரும் மறுக்கவில்லை.