கடைசி ஊருக்குத் தண்ணீர் வராத விளையாட்டு

வாரத்தில் ஆறு நாள் தஞ்சாவூரில் ஊரார் பல்லைப் பார்த்து, "வாயை நல்லாத் திறங்க" என்று சொல்வது என் பிழைப்பு. ஏழாவது நாள், மெல்போர்னில் இருக்கும் என் நாத்தனாரின் கோட்டையை முற்றுகையிட்டுக் கதவைத் திறக்கச் சொல்வேன். அவள் திறக்க மாட்டாள்.

கல்யாணமான புதிதில் எங்கள் இருவருக்கும் ஒத்தே போகவில்லை. நான் வைத்த குழம்பில் அவளுக்கு உப்பு குறையும். அவள் மடித்த துணி என் கண்ணுக்குக் கோணலாகத் தெரியும். ஒரு மழை நாளில், பொழுது போகாமல், அவள் கம்ப்யூட்டரில் ராஜ்யம் கட்டுகிற விளையாட்டு ஒன்றை ஆடினோம். ஊர் கட்டி, வரி வாங்கி, படை திரட்டி, யோசித்து யோசித்து நகர்த்துகிற ஆட்டம். அதில் அவளை நான் அடித்து நொறுக்கினேன். அடுத்த நாள் அவள் என்னை. வாயால் போட வேண்டிய சண்டையை எல்லாம் அங்கேயே போட்டுத் தீர்த்ததால், எங்களைப் போல ஒற்றுமையான அண்ணியும் நாத்தனாரும் கிடையாது என்று சொந்தக்காரர்களிடம் பேர் வாங்கினோம்.

அவள் வேலைக்காக ஆஸ்திரேலியா போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நிற்கவில்லை. ஆனால் போகப் போகச் சப்பென்று ஆகிவிட்டது. அவள் படையை எந்தக் காட்டில் ஒளிப்பாள் என்று எனக்குத் தெரியும். நான் எப்போது பொறுமை இழப்பேன் என்று அவளுக்குத் தெரியும். சில வாரம் அவள் கொட்டாவி விடுவது ஹெட்போனில் கேட்டது. கடைசியில் சொல்லியே விட்டாள். ஆற்றை வைத்துப் புதிதாக ஒரு விளையாட்டு வரப்போகிறதாம், நன்றாக இருந்தால் இருவரும் வாங்கலாம், இல்லாவிட்டால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், ஞாயிற்றுக்கிழமையாவது தூங்குகிறேன் என்றாள்.

எனக்குத் திக்கென்றது. விளையாட்டு போனால் நாங்கள் எதைப் பேசுவோம்? சாப்பிட்டாயா, அங்கே குளிரா என்று கேட்டுவிட்டு, இந்தா உன் அண்ணன் என்று போனைக் கொடுத்துவிடுவேன். அப்புறம் தீபாவளிக்குத் தீபாவளிதான். எனக்கு அவள் வேண்டும். அதை நேராகச் சொல்லிக்கொள்கிற பழக்கம் எங்கள் இருவருக்கும் கிடையாது.

மேட்டூரில் தண்ணீர் திறந்த அதே வாரத்தில் அந்த விளையாட்டும் வந்தது. மலையில் கிளம்பிக் கடலில் முடிகிற ஒரே ஆறு. கரை நெடுக ஊர்கள், மதகுகள், வாய்க்கால்கள், நெல் வயல்கள். இருவர் ஆடினால் மேல்பாதி ஒருவருக்கு, கீழ்பாதி ஒருவருக்கு; தனியாக ஆடினால் ஆறு முழுக்க ஒருவர் கையில். முன்னோட்டக் காட்சியைப் பார்த்ததில் இருந்தே எனக்குத் தரையில் கால் நிற்கவில்லை. நோயாளிக்குப் பல் பிடுங்கும்போதுகூட எந்த ஊரை முதலில் கட்டலாம் என்றுதான் மனசு கணக்குப் போட்டது.

வெளியான அன்றே வாங்கி ஆடியவர்கள் இணையத்தில் கிழித்துத் தொங்கவிட்டார்கள். பாதியில் நின்றுவிடுகிறது, சேமித்து வைத்த ஆட்டம் காணாமல் போகிறது, மாடு வானத்தில் நடக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆற்றின் கடைசி ஊருக்குத் தண்ணீரே போவதில்லை. இவ்வளவு பெரிய பிழையோடு விற்பதற்கு வெட்கமாக இல்லையா என்று ஆளாளுக்கு எழுதியிருந்தார்கள். என் நாத்தனார் ஒரு குக்கர் வாங்குவதற்கே ஊர் உலகத்தின் அபிப்பிராயத்தையெல்லாம் படிப்பவள். ஒவ்வொரு திட்டையும் படம் எடுத்து எனக்கு அனுப்பிக்கொண்டே இருந்தாள்.

நான் வாங்கி ஆடிப் பார்க்கிறேன் என்றேன். இரண்டு மணி நேரத்துக்குள் பிடிக்கவில்லை என்றால் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். ஒத்துக்கொண்டாள். கூடவே ஒன்று சொன்னாள்.

"எனக்காக நல்லா இருக்குன்னு சொல்லாதீங்க அண்ணி. உங்களுக்காகவும் சொல்லாதீங்க."

என்னை எடை போட்டு வைத்திருந்தாள், கள்ளி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லியை அடுக்கி மேஜை மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். எடுத்த எடுப்பில் ஒருமுறை நின்றுபோனது. மறுபடி திறந்தால் என் அரண்மனைக் கூரை மேல் ஓர் எருமை நிம்மதியாக அசை போட்டுக்கொண்டிருந்தது. எனக்கு ஆலோசனை சொல்ல வந்த மந்திரிக்குத் தலையே இல்லை. கழுத்துக்கு மேல் வெறும் காற்று, அதிலிருந்து கணீரென்று குரல் மட்டும் வந்தது. இவ்வளவுக்கும் நடுவில் ஆறு அழகாக இருந்தது. வெயில் பட்டு அது ஓடியதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆசை ஏறியது. ஆனால் இதை நன்றாக இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வேன்?

கடைசி ஊருக்கும் போய்ப் பார்த்தேன். எழுதியிருந்தது உண்மை. அணை தளும்பி நிற்கிறது, அங்கே வயல் வெடித்துக் கிடக்கிறது. எல்லோரும் செய்ததைத்தான் நானும் செய்தேன். வாய்க்காலை அகலப்படுத்தினேன், ஆழப்படுத்தினேன், அணையில் இன்னும் திறந்துவிட்டேன். ஒரு சொட்டு வரவில்லை. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்கிற பக்கத்தைத் திறந்தே வைத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் தண்ணீர் எங்கே போகிறது என்று மேலிருந்து ஒவ்வொரு ஊராகப் பார்த்துக்கொண்டு வந்தேன். முதல் ஊர் மதகைத் திறந்து வயலை நிரப்பியது. நிரம்பிய பிறகும் மூடவில்லை, இருக்கட்டும் என்று குளத்துக்கு விட்டது. இரண்டாவது ஊரும் அதையே செய்தது. மூன்றாவது ஊரில் தண்ணீர் தெருவில் ஓடியது, அப்போதும் மதகு திறந்துதான் இருந்தது.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இது எங்கள் ஊர்!

நான் பிறந்தது பூம்புகார் பக்கம், கடைமடை. ஆறு கிளைக்குக் கிளை பிரிந்து, எல்லோரும் எடுத்தது போக மிச்சம் வருகிற இடம். கல்லணையில் பூத் தூவுவதை டிவியில் பார்த்துவிட்டு வாசலில் இறங்கினால் எங்கள் வாய்க்காலில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். அப்பா மேல் ஊர்களுக்குப் போய்க் கேட்டுவிட்டு வருவார். எங்கே கேட்டாலும் ஒரே பதில்தான்: "வந்துக்கிட்டே இருக்கு." அதைச் சொல்லிச் சொல்லியே நாற்று காய்ந்த வருஷங்கள் உண்டு. நான் வாக்கப்பட்டது திருவையாற்றுப் பக்கம். இங்கே தண்ணீர் வருகிற சத்தம் கேட்டுத்தான் விழிப்பார்கள். ஒவ்வொரு வருஷமும் என் நாத்தனார், "உங்க ஊருக்குத் தண்ணி வந்துடுச்சா அண்ணி?" என்று கேட்டுச் சிரிப்பாள்.

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஊர் ஊராக முறை வைத்துத் தண்ணீர் விட வேண்டும். மேலே உள்ள மதகுகளை வரிசையாக அடைத்தேன். மேல் ஊர்க்காரர்கள் கொதித்தெழுந்து என் களஞ்சியத்தில் கல்லெறிந்தார்கள். மக்கள் கோபமாக இருக்கிறார்கள் என்று தலை இல்லாத மந்திரி எச்சரித்தார். இருக்கட்டும் என்றேன். தண்ணீர் கீழே இறங்க ஆரம்பித்தது. செம்மண் நிறத்தில், சருகைத் தள்ளிக்கொண்டு, வெடிப்பு வெடிப்பாக நிரம்பி, நின்று, மறுபடி நகர்ந்து, கடைசி ஊரின் முதல் வயலுக்குள் நுழைந்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்து கத்திவிட்டேன்.

என் வீட்டுக்காரர் பாம்பு என்று நினைத்து விளக்குமாற்றோடு ஓடிவந்தார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கம்ப்யூட்டரில் தண்ணீர் வந்ததற்கா இந்தக் கத்தல் என்று கேட்டுவிட்டு இட்லிக்குத் திரும்பிப் போனார். தலைமடைக்காரருக்கு என்ன தெரியும்?

மணியைப் பார்த்தேன். இரண்டு மணி நேரம் எப்போதோ தாண்டியிருந்தது.

நாத்தனாரைக் கூப்பிட்டு ஒன்று விடாமல் சொன்னேன். நின்றுபோனது, எருமை, மந்திரி எதையும் மறைக்கவில்லை. தண்ணீர் விஷயம் மட்டும் பிழை இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. அந்தக் கம்பெனியே மன்னிப்புக் கேட்டு, அடுத்த அப்டேட்டில் எல்லா ஊருக்கும் சமமாகத் தண்ணீர் போகும்படி செய்கிறோம் என்று அறிவித்திருக்கிறதாம். அதுவரை பொறுத்திருந்து வாங்கலாமே என்றாள்.

"ஐயையோ, அவங்க சரி பண்றதுக்குள்ள வாங்கிடு" என்றேன். "பிழைன்னு எழுதினவங்க யாரும் கடைமடையில பொறந்திருக்க மாட்டாங்க. மேல இருக்கறவங்க மதகை மூடினாத்தான் கீழ தண்ணி. இந்த விளையாட்டே அதுதான்."



"நிஜமாவே உங்க ஊர்ல இப்படித்தானா அண்ணி?"

இத்தனை வருஷத்தில் அவள் சிரிக்காமல் அதைக் கேட்டது அன்றைக்குத்தான். ஆமாம் என்றேன். அப்பா போய்க் கேட்டுவிட்டு வந்த கதையையும் சொன்னேன். பார்க்கிறேன் என்று வைத்துவிட்டாள். அந்த 'பார்க்கிறேன்' எனக்குப் பிடிக்கவில்லை. மத்தியானம் முழுக்கப் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு சுற்றினேன். சாயங்காலம் செய்தி வந்தது. வாங்கிவிட்டாளாம். கடைசி ஊர் அவளுக்கு வேண்டுமாம், மேல் பக்கம் முழுக்க என்னை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள்.

அடுத்த ஞாயிறு நான் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தலைமடையில் உட்கார்ந்தேன். ஆகா, அது ஒரு தனிச் சுகம். அணை என் கையில், மதகு என் கையில், கண்ணுக்கு எட்டிய வரை என் வயல் பச்சை. குளத்தையும் ஒரு தரம் நிரப்பி வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. பக்கத்திலேயே இன்னொரு குளமும் இருந்தது.

"அண்ணி, இங்க ஒரு சொட்டு இல்ல" என்றாள் நாத்தனார்.

"வந்துக்கிட்டே இருக்கு" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் அதை எங்கே கேட்டேன் என்று சுரீரென்றது. கீழ் மதகு இறுக்கி மூடிக் கிடந்தது. திறக்க ஒரு விரல் போதும். அந்த விரல் அசைய மாட்டேன் என்றது. இந்த ஒரு அறுவடை மட்டும் முடியட்டும், அப்புறம் கட்டாயம் திறந்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"பொய் சொல்றீங்க அண்ணி" என்றாள் அவள், நிதானமாக. "நானே வந்து திறந்துக்கறேன்."

ஆற்றங்கரையோடு அவள் படை மேலே ஏறி வந்துகொண்டிருந்தது. அவள் வழியில் எங்கே ஒளிவாள், எந்த மதகை முதலில் உடைப்பாள், ஒன்றும் தெரியவில்லை. ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். கொட்டாவிச் சத்தம் இல்லை.