பத்திரிகை வைக்கப் போன வழியில் ஒரு ரத்தப் பரிசோதனை

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. நண்பர்களுக்குப் பத்திரிகை வைத்துவிட்டு வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, காலையில் நைனார்பாளையத்தில் பஸ் ஏறினேன். உண்மையில் நான் கிளம்பியது கள்ளக்குறிச்சி அரசு ஆஸ்பத்திரிக்கு, பால்வினை நோய்ப் பரிசோதனைக்கு.

ஐந்து வாரத்துக்கு முன்பு, பெங்களூரில் கட்டட வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பும் சமயத்தில், முன்பின் தெரியாத ஒரு பெண்ணோடு ஒருமுறை இருந்துவிட்டேன். ஆணுறை இல்லை. அப்போதே எனக்கு ரிஷிவந்தியத்தில் பெண் நிச்சயமாகியிருந்தது. இதை எப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னாலும் அசிங்கம்தான், அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஏதாவது தொற்றியிருந்தால் அது நான் கட்டிக்கொள்ளப் போகிறவளுக்கும் போகும். அந்த நினைப்பு வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டிலோ ஒரு பக்கம் வெள்ளையடிக்கிறார்கள், ஒரு பக்கம் பந்தல்காரரோடு பேரம் பேசுகிறார்கள். எந்த அறைக்குள் போனாலும் ஒரு சொந்தக்காரர் உட்கார்ந்துகொண்டு, "இன்னா மாப்ள, மூஞ்சி வாடிக்கினு இருக்குது?" என்று சிரித்தார்.

பரிசோதனைக்கு நான் தயாரான லட்சணத்தையும் சொல்ல வேண்டும். ரத்தம் எடுப்பதென்றால் வெறும் வயிற்றில் போக வேண்டும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். இதையெல்லாம் யாரிடம் போய்க் கேட்பது? சொன்ன பொய் முழுப்பொய்யாக இருக்க வேண்டாமே என்று சின்னசேலத்தில் இறங்கி, ஒரு நண்பன் வீட்டில் பத்திரிகை வைத்தேன். கல்யாண மாப்பிள்ளையைச் சும்மா அனுப்புவார்களா? அவனுடைய அம்மா கேசரியை நீட்டினார். விரதம் என்றேன்.

"இன்னாத்துக்குப்பா விரதம்?"

"கல்யாணம் நல்லபடியா நடக்கணும்னுதாங்க."

அந்த அம்மா நெகிழ்ந்துபோய் என் தலையில் கை வைத்து, நல்லா இருப்பா என்றார். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்லும் அக்கா, கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். முகம் சுளிக்கவில்லை. "இதுக்குப் பட்டினி கெடக்க வேணாம் தம்பி. மொதல்ல எதுனா சாப்ட்டு வாங்க" என்றார். வாசலில் நான்கு இட்லியை விழுங்கிவிட்டு வந்து கையை நீட்டினேன். மதியத்துக்குள் முடிவும் வந்தது. எந்த நோயும் இல்லை.

"அப்ப இத்தோட முடிஞ்சிதுங்களா?" என்று எழுந்துவிட்டேன்.

"ஒக்காருங்க. அஞ்சு வாரந்தான ஆவுது? சிலது ரத்தத்துல தெரியறதுக்கு நாள் புடிக்கும். மூணு மாசம் முடிஞ்சதும் மறுபடி பாக்கணும். அதுவரைக்கும் ஆணுறை இல்லாம சேரக் கூடாது."

"பன்னெண்டு நாள்ல கல்யாணங்க."

"அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

கும்பிடு போட்டுவிட்டு எழுந்து வெளியே வந்தேன். கல்யாணமான மறுமாதமே விசேஷம் உண்டா என்று ஊரே விசாரிக்கும். புது மனைவியிடம் மூன்று மாதம் எந்தக் காரணத்தைச் சொல்வேன்? சொல்லாமல் சேர்ந்தால் அவள் மாட்டுவாள், சொன்னால் நான் மாட்டுவேன். எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் சொல்வதைத் தவிர வழி இல்லை.

ஆஸ்பத்திரி மதில் ஓரமாக நின்று, நிச்சயமான அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன். ஒன்று விடாமல் சொன்னேன். லைன் போய்விட்டதோ என்று நடுவில் இரண்டு தடவை பார்த்தேன். கடைசியில் கேட்டாள்:

"மறுபடி பாக்க வேணாம், முடிஞ்சிதுன்னு அவங்க சொல்லியிருந்தா, எங்கிட்ட சொல்லியிருப்பீங்களா?"

நாக்கு நுனி வரைக்கும் ஒரு பொய் வந்தது.

"மாட்டேன்" என்றேன்.

"அப்ப கல்யாணத்த நிறுத்தி வைங்க. மூணு மாசம் போவட்டும். அப்பறம் நானு யோசிக்கறேன். இன்னாத்துக்கு நிறுத்தறோம்னு உங்க வூட்லயும் எங்க வூட்லயும் நீங்களே வந்து சொல்லுங்க. எம்மேல பழி வந்துடக் கூடாது."