வேளைக்கு முந்தி அடித்த மணி

பூவரச மரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டில் இரும்புக் கம்பி பட்டதும் எழும் அந்த "டணார்" சத்தம் இன்றும் என் காதில் கிடக்கிறது. பத்தமடைக்குத் தெற்கே ஒரு பண்ணையில் பிசானப் பருவ நெல் நடவுக்கு அம்மா போவாள். அதே மரத்தின் கிளையில் தொட்டில் கட்டி, ஆறு மாதத் தம்பியைப் பார்த்துக்கொள்வது பத்து வயதில் என் வேலை. அந்தத் துண்டைத்தான் எல்லாரும் "மணி" என்பார்கள். காலையில் வயலில் இறங்க, உச்சியில் கஞ்சிக்கு ஏற, சாயங்காலம் வீடு போக, எதற்கும் கணக்கப்பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்த்து அதை அடித்தால்தான் அம்மாவோடு சேர்த்துப் பன்னிரண்டு பெண்களும் நிமிர்வார்கள்.

"பால்குடிப் பிள்ளைக்காரி வேண்டாம், பிள்ளையச் சாக்கு வச்சு நெனச்சப்பம்லாம் கரையேறுவா" என்று முதல் நாளே அவர் அம்மாவைத் திருப்பி அனுப்பப் பார்த்தார். ஆட்களைக் கூட்டிவந்த மாடத்தி அத்தைதான், "மணி அடிக்காம அவ ஏறுனா, அன்னைக்கே அனுப்பிருங்க" என்று பொறுப்பேற்றாள். அந்த நடவை நம்பித்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது.

மூன்றாம் நாள் தம்பி பசியில் குரல் கம்மும்வரை அழுதான். நான் புகட்டிய சீனித்தண்ணீரைத் துப்பினான். அம்மா ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் நட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கு அவள்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கணக்கப்பிள்ளை மடையைப் பார்க்கப் போன நேரம், கம்பியை எடுத்து ஓங்கி அடித்துவிட்டேன்.

கையிலிருக்கும் நாற்றை நட்டு முடித்துத்தான் ஏறுவது வழக்கம். அம்மா அதை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள். பால் சுரந்து ரவிக்கை நனைந்திருந்தது. அவள் ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"உச்சிக்கு இன்னும் ஒரு மணி நேரம் கெடக்கு. எவ அடிச்சா?" என்று கணக்கப்பிள்ளை மூச்சிரைக்க வந்து நின்றார். கம்பி என் பாவாடைக்குப் பின்னால் இருந்தது, பெண்கள் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். அம்மா வாய் திறக்குமுன் மாடத்தி அத்தை முந்திக்கொண்டாள்: "குனிஞ்சு நடுதவளுக்கு முதுகுலயா கண்ணு இருக்கு? மணி கேட்டுது, ஏறிட்டோம்." வேறு ஒருத்தியும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"அப்பம் இன்னைக்குச் சாயங்கால மணி கிடையாது" என்றார் அவர். பக்கத்து வயல்களில் ஆள் ஒழிந்த பிறகும், நாற்று கண்ணுக்குத் தெரியாமல் மங்கும்வரை அவர்கள் நட்டார்கள். "ஏளா, அடுத்த தடவை பைய அடி, காது அடச்சுட்டு" என்று அத்தை என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள்.

இன்று அந்த வயலில் நடவு இயந்திரம் ஓடுகிறது. பூவரசும் மணியும் போன இடம் தெரியவில்லை. இயந்திரத்தை ஓட்டுகிறவன் என் தம்பிதான். அவன் குடித்த ஒருவேளைப் பாலுக்காக அம்மாவோடு இன்னும் பதினோரு பெண்கள் இருட்டும்வரை சேற்றில் நின்றதைப் போன வாரம்தான் அவனிடம் சொன்னேன். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "அவங்க யார் யாரு, அக்கா?" என்று கேட்டான்.

மாடத்தி அத்தையைத் தவிர ஒரு பெயரும் எனக்கு நினைவில்லை.