அத்தைக்குக் கொடுத்த விரல்

செய்தி பதினோரு மணிக்கு வந்திருக்கிறது. எனக்குக் கிடைத்தது ஒன்றேகால் மணிக்கு.

நான் பொத்தேரியில், எங்கள் கல்லூரியின் தேர்வு அறை ஒன்றில் கண்காணிப்பில் இருந்தேன். கைபேசியை வாசலிலேயே அட்டைப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். மாணவர்களுக்கு மட்டுமல்ல, எங்களுக்கும் அதே விதி. கதவு சாத்தியிருந்தது. நாற்பது பேர் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் கூடுதல் தாள் கேட்டாள். கொடுத்தேன். அப்போது அத்தை இறந்து இரண்டு மணி நேரம் ஆகப்போகிறது.

பெட்டியிலிருந்து எடுத்தபோது என் கணவன் செந்திலின் பதினேழு அழைப்புகள். ஒரே ஒரு செய்தி. "அம்மா போயிட்டாங்க. வாக்கிங் முடிச்சு வந்து உக்காந்தாங்க. ஹார்ட். நீ மெதுவா வா."

அத்தை என்பது என் மாமியார் கஸ்தூரி. இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு கஸ்தூரி மேடம். தாம்பரம் ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுன்டரின் கண்ணாடிக்குப் பின்னால் இருபத்தாறு வருடம் உட்கார்ந்தவர். அவரோடு அங்கே வேலை பார்த்த நீங்கள்தான் அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள். ஒரு பக்கத்துக்குள் அடங்கவில்லை. மன்னிக்க வேண்டும்.

காரியத்துக்கு வந்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். "இன்னா பொறுமை இந்தப் பொண்ணுக்கு. மிரட்டி மிரட்டி இவ விரல்ல ரத்தம் எடுத்துச்சாமே அந்தம்மா. அதையும் தாங்கிகினு கடைசி வரைக்கும் பாத்துக்கிச்சு." நான் தலை குனிந்து நின்றேன். அது அடக்கமாகத் தெரிந்திருக்கும்.

அந்தக் கதை பொய். அத்தையே சொன்ன பொய். அதைத் திருத்தாமல் அவரைப் பற்றி ஒரு வரியும் எழுத வரவில்லை.

மாமாவை நான் பார்த்ததில்லை. எங்கள் கல்யாணத்துக்கு மூன்று வருடம் முன்பே போய்விட்டார். சர்க்கரை. செருப்பு கடித்த ஒரு சின்னப் புண்ணை யாரிடமும் அவர் காட்டவில்லை. காட்டியபோது விரல்கள் கறுத்திருந்தன. முதலில் விரல்கள், பிறகு பாதம், பிறகு அவர். ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தது செந்தில். அடுத்த வருடம் அத்தைக்கும் சர்க்கரை என்று தெரிந்தது.

செந்தில் ஒரு சட்டம் போட்டான். "ஒருத்தருக்கு ஒண்ணுன்னா வீட்ல எல்லாருக்கும் அதுதான்." யாருக்கும் தனிச் சமையல் கிடையாது. சோறு ஒரு கரண்டி, காய் இரண்டு கரண்டி. ஏழரைக்குள் இரவுச் சாப்பாடு. அஸ்தினாபுரத்தில் அந்த இரண்டு அறை வீட்டுக்கு நான் மருமகளாக வந்தபோது எனக்கும் அதே தட்டு.

நல்ல சட்டம். எந்த டாக்டரும் அதைத்தான் சொல்வார். குறை சொல்ல ஒன்றுமில்லை. அதனாலேயே மூச்சு முட்டியது. குறை இருந்தால் அதைப் பிடித்துச் சண்டை போட்டு வெளியே வரலாம். அக்கறையோடு எப்படிச் சண்டை போடுவது?

"மூணாவது இட்லியாம்மா?"

"ரெண்டாவது இட்லியோட பாக்கிடா."

சாயங்காலம் அவன் வேலையிலிருந்து வந்ததும் கைகூடக் கழுவாமல் அத்தையின் காலடியில் உட்காருவான். கைபேசி விளக்கைப் போட்டு ஒவ்வொரு விரலிடுக்காகப் பார்ப்பான். ஏதாவது வெடிப்பு, கொப்புளம், நிறமாற்றம். அத்தை கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"என் காலை என் புருஷனே இப்படிப் பாத்ததில்ல," என்பார். நான் சிரிப்பேன். செந்தில் சிரிக்க மாட்டான். அவன் வேறொரு காலைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று இப்போது புரிகிறது.

கவுன்டரில் இருந்தபோது எப்படிப் பொழுது போகும் என்று ஒருமுறை கேட்டேன். "அங்க எட்டு மணி நேரம் பூட்டி வெச்சிருந்தாங்க. ஆனா எழுந்து போற நேரம் எனக்குத் தெரியும். இங்க தெரியல," என்றார். பிறகு உடனே, "இதை அவன்கிட்ட சொல்லிடாத. அழுவான்," என்றார்.

மாலை நடைக்குப் போகும் வழியில் குரோம்பேட்டையில் ஒரு டீக்கடை. உங்களில் சிலருக்கு அந்தக் கடை நன்றாகவே தெரியும். அத்தைக்கு அங்கே ஒரு பன் பட்டர் ஜாம் வாங்கிக் கொடுத்தவர்கள் யார் யார் என்றும் எனக்குத் தெரியும். பெயர் சொல்லப் போவதில்லை. அந்தப் பத்து நிமிடம்தான் அவருக்கு யாரும் பார்க்காத நேரம்.

காலையில் சர்க்கரை அளவு எடுப்பதற்கும் ஒரு ஏற்பாடு இருந்தது. செந்தில் ஆறு மணிக்கே கிளம்பிவிடுவான். ஆறரைக்கு அத்தை விரலில் குத்தி, மிஷினில் வரும் நம்பரைப் படமெடுத்து "நம்ம வீடு" என்ற வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். குழுவில் மூன்றே பேர். நம்பர் நன்றாக இருந்தால் அவனிடமிருந்து ஒரு கட்டைவிரல் வரும். கூடியிருந்தால் ஒன்றும் வராது. அன்று மாலை கால் பார்ப்பது இரண்டு மடங்கு நேரம் நடக்கும். அவன் முகம் சாம்பலாக இருக்கும்.

ஒரு கல்யாணச் சாப்பாட்டுக்கு மறுநாள். மிஷினில் வந்த நம்பரைப் பார்த்துவிட்டு அத்தை கைபேசியை எடுக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஆறே முக்கால். செந்திலிடமிருந்து கேள்விக்குறி ஒன்று வந்தது.

"இன்னிக்கு அவனைப் பாக்க முடியாதும்மா என்னால," என்றார். மிரட்டவில்லை. கேட்கக்கூட இல்லை.

நான்தான் விரலை நீட்டினேன்.

அவர் என் விரலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "வேணாம்," என்றார். "ஒரு நாள்தான் அத்தை," என்றேன். புது ஊசி மாற்றிக் குத்தினார். என் நம்பர் அழகாக வந்தது. படம் போனது. கட்டைவிரல் வந்தது. நாங்கள் இருவரும் சிரித்தோம்.

ஒரு நாள் நான்கு மாதம் ஆனது. எல்லா நாளும் இல்லை. வாரத்தில் மூன்று, நான்கு நாள். பரிசோதனைக்குப் போன இடத்தில் டாக்டர் அந்தப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, மாத்திரையைக் கூட்ட வேண்டாம் என்றார். மூன்று மாத சராசரியைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையை அத்தை ஒவ்வொரு சாக்காகச் சொல்லித் தள்ளிப்போட்டார். செந்தில் வற்புறுத்தவில்லை. நம்பர்தான் நன்றாக இருக்கிறதே. என் ரத்தத்தைப் பார்த்து அவருக்கு மருந்து நடந்துகொண்டிருந்தது. எனக்கு அது தெரியும். படித்தவள்.

ஐந்தாம் மாதத் தொடக்கத்தில் ஒரு காலை, என் விரலில் வந்த நம்பரை அத்தை ரொம்ப நேரம் பார்த்தார். வேறு விரலில் திரும்ப எடுத்தார். அடுத்த நாளும் எடுத்தார். அதற்கடுத்த நாளும்.

"நித்யா, இது எனக்கு வந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பேன். இது உன்னுது. உனக்கு இவ்ளோ வரக்கூடாது."

"மிஷின் தப்பா காட்டும் அத்தை."

"மூணு நாளாவா?"

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. மனதில் வந்தது நோய் இல்லை. என் காலடியில் உட்கார்ந்து செந்தில் விளக்கு அடிப்பது வந்தது. "சொல்லாதீங்க அத்தை. சொன்னா ரெண்டு பேரும் மாட்டுவோம்," என்றேன். கெஞ்சினேன் என்று எழுதுவதுதான் சரி.

"ஏற்கெனவே மாட்டிக்கிட்டுத்தான் இருக்கோம்," என்றார். "நான் என் உடம்ப மறைக்கலாம். உன் உடம்ப மறைக்க எனக்கு ரைட்ஸ் இல்ல."

அன்று மாலை கோதுமை தோசை. செந்தில் தட்டோடு உட்கார்ந்திருந்தான். அத்தை அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார்.

"டேய், நாலு மாசமா நீ பாத்த நம்பர்ல பாதி என்னுது இல்ல. அவளுது. நான்தான் மிரட்டி வாங்கினேன். அது வேணாம் வேணாம்னுதான் சொல்லிச்சு. நாளைக்கு அதைக் கூட்டிட்டுப் போய் ரத்தம் டெஸ்ட் எடு. அதுக்கும் சுகர் ஏறிக்கிட்டு வருது."

தோசையைத் திருப்பிப் போட்டார்.

செந்தில் என்னைப் பார்த்தான். "அப்படியா நித்யா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

அவ்வளவுதான். ஒரு தலையாட்டல். அத்தை திரும்பிப் பார்க்கவேயில்லை. எனக்கு வசதியாக இருக்கட்டும் என்றுதான் திரும்பவில்லை என்று நினைக்கிறேன்.

பரிசோதனையில் எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்தது. சாப்பாடு, நடை, எடை, இதிலேயே தள்ளி நிறுத்தலாம் என்றார் டாக்டர். அத்தையின் சராசரி மோசமாக இருந்தது. மாத்திரை கூடியது, இன்சுலினும் தொடங்கியது.

செந்தில் தன் அம்மாவோடு பேசுவதை நிறுத்தினான்.

இரண்டு அறை வீடு. இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பான்.

"நித்யா, உப்பு போதுமான்னு கேளு," என்பார் அத்தை.

"போதும்னு சொல்லு."

ஊசி போட்டாச்சா என்பதும் என் வழியாகத்தான். கால் பார்ப்பது நின்றுபோனது. அத்தை சாயங்காலம் அதே நேரத்துக்கு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்து, சிறிது நேரம் கழித்து எழுந்து போவார். என்னிடம் மட்டும் செந்தில் தேனாக இருந்தான். கொய்யாப்பழம் வாங்கி வருவான். "உன்னை இதுல மாட்டிவிட்டுட்டாங்க பாரு," என்பான். நான் கொய்யாவைக் கடிப்பேன். ஒவ்வொரு நாளும் சொல்லிவிட நினைத்தேன். ஒவ்வொரு நாளும் நேற்றைவிடச் சொல்வது கஷ்டமாக இருந்தது. அத்தையிடம் ஒருமுறை, "நான் உண்மையைச் சொல்லிடறேன்," என்றேன். "நீ அவன்கூட இன்னும் நாப்பது வருஷம் இருக்கணும். நான் அவன் அம்மா. எவ்ளோ நாள் பேசாம இருப்பான்?" என்றார்.

ஒரு மாதம் இருந்தான்.

அது முடிந்தது ஒரு ஞாயிறு காலையில். நானும் அத்தையும் அளவு பார்த்து முடித்திருந்தோம். அத்தை புது ஊசியை மாட்டி, நேராக அவனிடம் போனார்.

"விரலை நீட்டு."

அவன் என்னைப் பார்த்தான்.

"அவளை ஏன் பாக்கற? உங்கப்பனுக்கு இருந்தது. எனக்கு இருக்குது. கட்டிக்கிட்டு வந்தவளுக்கும் வரப்பாக்குது. இத்தனை வருஷத்துல நீ ஒரு நாள் குத்திப் பாத்திருக்கியா? எல்லாருக்கும் அதுதான்னு சொன்னியே, எல்லார்ல நீ இல்லியா?"

செந்தில் பார்த்ததே இல்லை. எங்கள் யாருக்கும் அது தோன்றியதும் இல்லை. அவன் வெளுத்துப்போனான். ரொம்பப் பயந்தவன் வீட்டில் அவன்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. விரலை நீட்டினான். கண்ணை மூடிக்கொண்டான். நம்பர் நன்றாக வந்தது. அத்தை கொஞ்சம் ஏமாந்தது மாதிரிகூட இருந்தார்.

"சரி, ஒருத்தனாவது தப்பிச்சான்," என்றார்.

"வலிக்குதும்மா," என்றான் செந்தில். ஒரு மாதத்துக்குப் பிறகு அவரிடம் பேசிய முதல் சொல் அது.

"வலிக்கும்," என்றார்.

படம் அனுப்பும் ஏற்பாடு அன்றோடு போனது. ஞாயிறு காலைகளில் மூன்று பேரும் மேசையில் உட்கார்ந்து, அவரவர் விரலில் அவரவர் குத்திக்கொண்டோம். மாலை நடைக்கும் சேர்ந்தே போனோம். காலையில் அத்தை தனியாகவும் ஒருமுறை நடந்துவிட்டு வருவார். மாதம் ஒருமுறை செந்திலே அந்த டீக்கடைக்கு அழைத்துப் போவான். ஒரு பன், மூன்று பங்கு. அத்தையின் அளவு கட்டுக்குள் வந்தது. என்னுடையது எல்லையிலிருந்து இறங்கியது. வீடு பெரிதாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அதே இரண்டு அறைதான். ஜன்னல் எங்கே என்று தெரிந்திருந்தது.

அப்படி இரண்டு வருடம். பிறகு அந்தக் காலை. நடந்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்.

அந்த நான்கு மாதத்துக்கும் அந்தக் காலைக்கும் தொடர்பு உண்டா? போன வாரம் டாக்டரிடம் தனியாகப் போய்க் கேட்டேன். "வயசு, பி.பி., பரம்பரை, சுகர் எல்லாம் சேந்ததும்மா. இதனாலதான்னு ஒண்ணைப் பிரிச்சு எடுத்துச் சொல்ல முடியாது," என்றார். இல்லை என்று அவர் சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. நான் இனி இருக்கப்போவது இந்த இரண்டுக்கும் நடுவில்.

பதினாறாம் நாள், வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, செந்திலிடம் சொன்னேன்.

"அம்மா மிரட்டல. நான்தான் நீட்டினேன். அவங்க வேணாம்னாங்க. நீ கேட்டப்ப நான் தலையாட்டிட்டேன்."

அவன் திட்டவில்லை. மடித்துக்கொண்டிருந்த ஜமக்காளத்தை அப்படியே கையில் வைத்திருந்தான்.

"ஒரு மாசம் நான் அவங்ககிட்ட பேசல நித்யா," என்றான்.

இதை எழுதி முடித்து அவனிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தான். எதையும் அடிக்கச் சொல்லவில்லை. "அனுப்பு," என்றான்.

அத்தையின் புடவைகள் உறவுக்காரர்களுக்குப் போய்விட்டன. மீதி மருந்துகளைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஞாபகமாக எதையாவது எடுத்துக்கொள் என்று எல்லாரும் சொன்னார்கள். நான் எடுத்துக்கொள்வது அந்த ஒரு மாதத்தை. தன் பிள்ளை தன்னிடம் பேசாத முப்பது நாள். அது எனக்கு வந்திருக்க வேண்டியது. அவர் வாங்கிக்கொண்டார். உங்கள் எல்லார் முன்னாலும் அதை அவரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.