நட்டின் மேல் சிவப்புக் கோடு

போன மாதம் என் பெரிய மாமாவுக்கு அறுபதாம் கல்யாணம். பிரிக்பீல்ட்ஸில் மண்டபம் பிடித்து உறவையெல்லாம் கூட்டியிருந்தார்கள். சாப்பாட்டைக் குறை சொல்ல முடியாது. பாயசத்தை நானே இரண்டு தடவை கேட்டு வாங்கினேன். பந்தி நடந்துகொண்டிருக்கும்போது மாமா மைக்கைப் பிடித்தார். ஒவ்வொருவராகக் கிண்டல் செய்துகொண்டே வந்து என்னிடம் நின்றார். "இந்தப் பாப்பா லேசுப்பட்ட ஆளு இல்லலா! பத்து வயசுலயே ஸ்பேனர் புடிச்சு அவங்கம்மா காடியையே கெடுத்தவ!" மண்டபமே சிரித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்துவிட்டுக் கை கழுவ எழுந்து போனாள். எனக்குக் காது இரண்டும் கொதித்தன. மைக்கைப் பிடுங்கிப் பேசியிருக்க வேண்டும், பேசவில்லை. அதனால் இங்கே சொல்கிறேன்.

காடி என்று மாமா சொன்ன அந்தக் கார் என் தாத்தாவுடையது, அதாவது அம்மாவின் அப்பாவுடையது. இங்கிலாந்தில் செய்தது, வெளிர் பச்சை, வட்ட விளக்கு, என் அம்மாவைவிட மூத்தது. அம்மா சிறுமியாக இருந்தபோது ஞாயிறுதோறும் அதைக் கழுவுகிற வேலை அவளுக்கு, ஓட்டுகிற வேலை அவளுடைய அண்ணனுக்கு. அந்த அண்ணன்தான் இந்த மாமா. பிறகு தாத்தாவுக்குச் சிறுநீரகம் கெட்டு, கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு வந்து படுத்தார். அம்மா பள்ளி வேன் ஓட்டுகிறவள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து, வாரம் மூன்று நாள் தாத்தாவை அந்தப் பச்சைக் காரில் டயாலிசிஸுக்குக் கொண்டுபோவாள். வேனில் ஏற அவருக்குக் கால் எழும்பாது. அந்த ஒரு வருஷத்தில் மாமா எங்கள் வீட்டுப் படி ஏறியது நான்கே தடவை. கண் மூடுவதற்கு முன் தாத்தா காரை அம்மா பெயருக்கு மாற்றி எழுதினார்.

அது மாமாவுக்குப் பொறுக்கவில்லை. செலாயாங்கில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் தனக்கு இல்லாத காரா, வேன் ஓட்டுகிற தங்கச்சிக்கு? நினைவு தப்பிய மனுஷனிடம் கையெழுத்து வாங்கிவிட்டாள் என்று சொந்தக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் போய்ச் சொன்னார். தோளில் சாய்த்துச் சோறு ஊட்டியவளுக்குக் கிடைத்த பெயர் இது. கடைசியில் தாத்தாவின் தம்பி, எங்கள் சின்னத் தாத்தா, பஞ்சாயத்துக்கு உட்கார்ந்தார். தாத்தா போனதிலிருந்து கார் கிடப்பில் கிடந்தது. தாத்தாவின் முதல் வருஷப் படையல் அன்று அம்மாவே அதைத் தயார் செய்து கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸில் மாமா வீடு வரைக்கும் ஓட்டி வரட்டும், நிற்காமல் வந்து சேர்ந்தால் அவளுக்கு, வழியில் நின்றால் அண்ணனுக்கு என்றார். தன் பெயரில் இருக்கிற காரை யாராவது பந்தயம் வைப்பார்களா? அம்மா வைத்தாள். ஊர் வாயை மூடினால் போதும் என்று நினைத்தாள்.

வேன் நின்றுபோனால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முடியாதே என்று அவளாகவே எஞ்சின் வேலை பழகியிருந்தாள். காரின் பின்பெட்டியில் தாத்தா ஒரு நாளும் பிரித்துப் பார்க்காத சாமான் ஒன்று கிடைத்தது: நடுவில் கண்ணாடி வைத்த ஸ்பார்க் பிளக். எஞ்சினில் வழக்கமான பிளக் ஒன்றைக் கழற்றிவிட்டு இதை மாட்டி ஸ்டார்ட் செய்தால் உள்ளே எரிகிற நெருப்பு கண்ணுக்குத் தெரியும். பெட்ரோல் கூடுதலாகப் போனால் நெருப்பு மஞ்சள். காற்று கூடிவிட்டால் வெளுத்துப்போகும். இரண்டும் அளவாக இருந்தால் கேஸ் அடுப்பில் வருகிறதே, அந்த நீலம். காற்றுக்கும் பெட்ரோலுக்கும் கணக்கு வைப்பது கார்புரேட்டரின் அடியில் உள்ள ஆறு பக்க நட்டு. அந்த ஆறில் ஒரு பக்க அளவு திருப்பினாலே நிறம் மாறும்.

வெயிலில் நிறம் சரியாகத் தெரியாது. அம்மா பழைய சாரோங் கைலி ஒன்றை எடுத்து என் தலையையும் எஞ்சினின் ஓரத்தையும் சேர்த்து மூடிவிடுவாள். நான் உள்ளேயிருந்து "மஞ்சள்... இன்னும் மஞ்சள்தான்மா..." என்று கத்துவேன். வெளியே அவள் நட்டைத் திருப்புவாள். நான்கு வாரம் சனியும் ஞாயிறும் இதே வேலை. படையலுக்கு முந்தின நாள் மத்தியானம் மஞ்சள் ஒரு துளியும் இல்லாமல் நீலம் நின்றது. நான் சாரோங்கோடு எழுந்து குதித்தேன். அம்மா கண்ணாடி பிளக்கைக் கழற்றிவிட்டுப் பழைய பிளக்கை மாட்டினாள். பிறகு சிவப்பு நெயில் பாலிஷ் எடுத்து நட்டிலும் அதற்கு மேலே கார்புரேட்டரிலும் நேர்க்கோடாக ஒரு கோடு போட்டாள். நட்டு நகர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். என் கைகளைச் சீனியும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவி, அதே பாலிஷை என் பத்து விரலுக்கும் பூசிவிட்டாள்.

அன்று சாயங்காலம் மாமா வந்தார், படையலுக்கு வாழை இலை வாங்க வந்தவர் அப்படியே எட்டிப் பார்த்தாராம். அம்மா டீ போட அடுப்படிக்குப் போனாள். மாமா கார் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நீதான் கலர் பார்த்துச் சொல்றியாமே பாப்பா? மாமாவுக்கு ஒன்னும் புரியலலா, கொஞ்சம் காட்டேன்."

இருபது வருஷமாக கார் சாமான் விற்கிற மனுஷனுக்கு ஒன்றும் புரியவில்லையாம்! அந்தச் சந்தேகம் எனக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதுவரை யாரும் என்னிடம் எதையும் கற்றுக்கொடு என்று கேட்டதில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், நான் வாயால் கெட்டதோடு நிற்கவில்லை. ஸ்பேனரை எடுத்து, "இப்படி ஒரு பக்கம் திருப்பினா காத்து கூடிடும் மாமா, நெருப்பு வெள்ளையாயிடும்" என்று திருப்பியே காட்டினேன். ஸ்பேனர் வழுக்கி, கட்டைவிரல் நகத்தில் பாலிஷ் பெயர்ந்து கருப்பு மசி ஏறியது. அம்மா திட்டுவாளே என்று விரலை மடக்கி மறைத்துக்கொண்டேன்.

"பலே! என் கடைப் பசங்களுக்குக்கூட இது தெரியாது" என்றார் மாமா. "நான் பழையபடி வச்சிடுறேன், நீ போய் மாமாவுக்குத் தண்ணி கொண்டா."

நான் தண்ணீர் கொண்டு வந்தபோது பானெட் மூடியிருந்தது. ஸ்பேனரைத் துடைத்து டப்பாவிலும் வைத்திருந்தார். எவ்வளவு பொறுப்பு!

காலையில் அப்பா துறைமுக வேலைக்குப் போய்விட்டார். நானும் அம்மாவும் மட்டும் கிளம்பினோம். குளிர்ந்த எஞ்சின் என்று சோக் இழுத்து ஸ்டார்ட் செய்தாள். சோக் இழுத்தால் பெட்ரோல் கூடுதலாகப் போகும், அதனால் குறை தெரியவில்லை. பெடரல் ஹைவேயில் ஏறி சோக்கை உள்ளே தள்ளியதும் கார் தும்ம ஆரம்பித்தது. ஷா ஆலாம் தாண்டியதும் சூட்டு முள் மேலே ஏறியது. அம்மா வேகத்தைக் குறைத்துப் பார்த்தாள், முருகனைக் கூப்பிட்டுப் பார்த்தாள். சுங்கை வே பக்கம் வந்தபோது பட்பட்டென்று வெடித்து கார் ஓரத்தில் நின்றுவிட்டது. லோரிகள் எங்களை உரசுவதுபோல் போய்க்கொண்டிருந்தன.

சூடு தணியும் வரை நின்றுவிட்டு, அம்மா துணி சுற்றி ஒரு பிளக்கைக் கழற்றினாள். பிஸ்கட் நிறத்தில் இருக்க வேண்டிய முனை சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. குனிந்து நட்டைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். சிவப்புக் கோடு மூன்று பக்கம் தள்ளியிருந்தது. நான் திருப்பியது ஒரு பக்கம்தான். மாமா அதைத் திருப்பி வைக்கவில்லை, மேலும் இரண்டு பக்கம் திருப்பியிருக்கிறார். அவர் கையில் டீக் கோப்பையை வைத்து அனுப்பிய வீடு எங்கள் வீடு. இன்று நினைத்தாலும் பல்லைக் கடிக்கிறேன்.

"யாராச்சும் இதைத் தொட்டாங்களாம்மா?" என்று அம்மா கேட்டாள்.

"இல்லம்மா" என்றேன். ஒரு பக்கம் என்னுடையதாயிற்றே, எப்படிச் சொல்வது? அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தாள். கட்டைவிரலை அப்போதும் மடக்கித்தான் வைத்திருந்தேன். நட்டைத் திருப்பிக் கோட்டோடு கோடு சேர்த்தாள். கார் உடனே கிளம்பி, அதற்குப் பிறகு ஒரு தும்மல்கூட இல்லாமல் பிரிக்பீல்ட்ஸ் வரை ஓடியது.

படையல் முடிந்து எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மணி நேரம் தாமதம். "என்னம்மா, வழியில படுத்துக்கிச்சா?" என்றார் மாமா. அம்மா வாயைத் திறக்குமுன் அவரே சிரித்துக்கொண்டு, "பாப்பாவைக் கேளுங்க சித்தப்பா. எஞ்சின் விஷயமெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். நேத்து எனக்கே ஸ்பேனர் புடிச்சுக் காட்டினா" என்றார். எல்லாருடைய முகமும் என் பக்கம் திரும்பியது. மாமா என்னைப் புகழ்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். புகழ்ந்தால் விட்டுவிடுவேனா, நட்டைக் கெடுத்தது நீங்கள்தானே என்று கத்த வாயெடுத்தேன்.

அம்மாவின் கை என் தோளை இறுக்கிப் பிடித்தது. வலித்தது.

"நின்னுச்சு சித்தப்பா" என்றாள். "யாரும் ஒன்னும் பண்ணல. நான்தான் சரியா டியூன் பண்ணல. காடியை அண்ணனே எடுத்துக்கட்டும்." சாவியைத் தாத்தாவின் படத்துக்கு முன்னால் வைத்தாள். சின்னத் தாத்தா ரொம்பப் பரிவாக, "உனக்கு எதுக்கும்மா இந்த வேலையெல்லாம், வேன் ஓட்டுறதோட நிப்பாட்டிக்க" என்றார். மாமா சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, எங்களைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

நாங்கள் சாப்பிடவில்லை. கிள்ளானுக்கு கொமுட்டர் ரயில் ஏறினோம். எனக்கு மாமா மேல் இருந்த கோபத்தைவிட அம்மா மேல்தான் ஆத்திரம். நான்கு வாரம் சாரோங்குக்குள் வெந்து நான் பார்த்த நீலத்தை, சரியாக இல்லை என்று இவளே சொல்லிவிட்டாளே! கோடு விலகியிருந்ததைத் தன் கண்ணால் பார்த்தவள்தானே? ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மாமாவின் சாயம் வெளுத்திருக்குமே? "நீ ஒரு பயந்தாங்கொள்ளி" என்று பெட்டியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். இன்னும் மோசமாகவும் சொன்னேன். தாத்தா உனக்குக் கொடுத்திருக்கவே கூடாது என்றேன்.

அம்மா கைப்பையிலிருந்து நெயில் பாலிஷை எடுத்தாள். மடக்கி வைத்திருந்த என் கட்டைவிரலை விரித்து, நகத்தில் இருந்த கருப்பை முந்தானையால் துடைத்தாள். ரயில் ஆடுவதற்கு ஏற்பத் தானும் ஆடி, வெளியே வழியாமல், அந்த ஒரு நகத்துக்கு மட்டும் பாலிஷ் பூசினாள். மற்ற ஒன்பதும் நன்றாகத்தான் இருந்தன. அந்த ஒன்றை மட்டும் அவள் ஏன் தேடி எடுத்துப் பூசுகிறாள் என்று நான் யோசிக்கவில்லை. கையை வெடுக்கென்று உருவி, ஈரம் காயாத பாலிஷை என் புதுக் கவுனில் தேய்த்து அழித்தேன்.