யானை கடந்த தெரு

மூணாறிலிருந்து தலைநகரம் பார்க்க வந்திருந்தோம்: நான், மனைவி செல்வி, மகள் நிலா. காலையில் மிருகக்காட்சிசாலை, மதியம் அருங்காட்சியகம், பிறகு கோயில். இருட்டுவதற்குள் கடலையும் பார்த்துவிட வேண்டும்.

"கொழுந்து கிள்ளுற நாளுகூட இம்புட்டு ஓட்டமில்ல" என்று செல்வி சலித்துக்கொண்டாள்.

கோயில் தெருவில் பாகனோடு ஒரு யானை வந்தது. எல்லோரும் செல்போனைத் தூக்கினார்கள், நானும்தான். இறக்கியபோது நிலாவைக் காணோம்.

"ஒங்க கையத்தான பிடிச்சிருந்தா?" செல்வியின் குரல் உடைந்தது.

"நிலா! ஏ நிலா!" என்று கத்திக்கொண்டே கூட்டத்துக்குள் ஓடினேன். யானையின் சங்கிலிச் சத்தம் தேய்ந்து மறைந்த பிறகுதான் தெருவோர வளையல் கடைக்காரம்மா கையசைத்து மலையாளத்தில் கூவினார்.

"மோள் இவிடெ உண்டு!"

மேசைக்கடியில், தொங்கும் துணிக்குப் பின்னால், இரு கையாலும் வாயைப் பொத்தியபடி நிலா.

"கூப்புட்டது கேக்கலையாம்மா?"

"கேட்டுச்சுப்பா. ஆனை நிக்கையில சத்தம் போடக் கூடாதுல்ல? நீங்க கத்துனீங்களே, அது ஒங்களத் தூக்கிருமோன்னு..." விம்மி அழுதாள்.

தேயிலைக்குள் யானை நின்றால் ஒளிந்துகொள், யார் கூப்பிட்டாலும் வாய் திறக்காதே என்று எஸ்டேட்டில் அவளைப் பழக்கியவன் நான்தான். கோயில் யானை வேறு என்று சொல்லித் தரவில்லை.

அன்று கடலுக்குப் போகவில்லை. பிள்ளையைத் தொலைத்தவனின் பயம்தான் பெரிது என்று நினைத்திருந்தேன். தகப்பன் கத்திக் கத்திச் சாவை அழைப்பதைக் கேட்டபடி, தடுக்க முடியாமல் ஒடுங்கிக் கிடந்தவளின் பயத்தை நான் எதனோடு வைத்து அளப்பது?